கைத்துப்பாக்கிக்குத் தனி இடம்: சுடுதள விரிவாக்கப் பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய கழக உறுப்பினர்கள் அனைவருக்கும் பணிக்குழுவின் வணக்கம்.

நமது ரைஃபிள் கழகத்தின் பொதுக்குழு ஒப்புதல் அளித்த விரிவாக்கப் பணிகள், இறுதியில் குறிப்பிடும் இரு சிறு வேலைகள் தவிர, நிறைவடைந்துவிட்டன. பத்து மீட்டர் கூடம் புதுப்பிக்கப்பட்டுள்ளது. ஐம்பது மீட்டர் ரைஃபிள் தளத்தின் அருகே கைத்துப்பாக்கிக்கென்றே 25 மீட்டர் தளம் ஒன்று புதிதாக அமைந்துள்ளது. ஆயுத வைப்பறை இரு பகுதிகளாகப் பிரித்து விரிவாக்கப்பட்டுள்ளது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு தனியே உங்களுக்கு அனுப்பப்படுவதால் அதை இங்கே திரும்பச் சொல்லவில்லை. ரைஃபிளுக்காகவே தொடங்கப்பட்டு, ரைஃபிளாலேயே பெயர் பெற்ற ஒரு கழகம் கைத்துப்பாக்கிக்கு இடம் தரலாமா என்ற கேள்வியே இந்தப் பணிக்கு மூலம் என்பதால், கட்டிய ஒவ்வொன்றையும் அந்தக் கேள்வியோடு சேர்த்தே விளக்குவது எங்கள் கடமை எனக் கருதுகிறோம்.

பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர்கள் பலர் எழுப்பிய ஆட்சேபத்தை இங்கே முதலில் பதிவு செய்கிறோம், ஏனெனில் வரைபடத்தின் பெரும்பகுதி அந்த ஆட்சேபத்திலிருந்துதான் பிறந்தது. ரைஃபிள் நீளமானது, இரு கைகளும் தோளும் கன்னமும் அதைத் தாங்குகின்றன, அதன் குழல்வாய் திசை மாற வேண்டுமானால் சுடுபவரின் உடலே திரும்ப வேண்டும், அதைச் சுடுதளத்தை மேற்பார்வையிடும் ரேஞ்ச் அலுவலர் தொலைவிலிருந்தே கண்டுவிடுவார். கைத்துப்பாக்கியோ மணிக்கட்டின் சிறு அசைவில் பக்கத்தில் நிற்பவரை நோக்கிவிடும். தோட்டா சிக்கிக்கொண்டால், அனுபவமில்லாதவர் கையில் ஏந்தியபடியே திரும்பி உதவி கேட்பதுதான் சுடுதளங்களில் எல்லோரும் அஞ்சும் காட்சி. இந்த அச்சம் முழுக்க நியாயமானது என்பதே குழுவின் கருத்து. இதை ரைஃபிள்காரர்களின் பழமைப் பற்று என்று சிலர் ஒதுக்கிப் பேசியதை நாங்கள் ஏற்கவில்லை. ஆனால் அந்த அச்சத்துக்கு விடை கைத்துப்பாக்கியைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதல்ல. அதற்கெனத் தனிச் சுவரும் தனிக் கட்டளை முறையும் தனிப் பொறுப்பாளரும் ஏற்படுத்துவதே என்ற முடிவுக்கு வந்தோம். ரைஃபிள் தளத்தின் ஓரத்தில் இரண்டு நிலைகளை ஒதுக்கிக் கொடுத்தால் போதும் என்ற சிக்கன யோசனையை நாங்கள் கைவிட்டதற்கும் இதுவே காரணம்.

இடம் தர வேண்டும் என்று நாங்கள் நம்புவதற்குக் காரணம் விளையாட்டே. 1896ஆம் ஆண்டு ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே ரைஃபிளும் பிஸ்டலும் சேர்ந்தே இடம்பெற்றன. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் (காற்றழுத்தத் துப்பாக்கியில்) தங்கம் வென்றபோது நம் கூடத்தில் நிலவிய உற்சாகம் பலருக்கு நினைவிருக்கும். 2012இல் லண்டனில் ககன் நாரங் ஏர் ரைஃபிளில் வெண்கலம் வென்ற அதே போட்டிகளில் விஜய் குமார் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் வெள்ளி வென்றார். 2024இல் பாரிஸில் துப்பாக்கி சுடுதலில் இந்தியாவுக்குக் கிடைத்த மூன்று வெண்கலங்களில் ஸ்வப்னில் குசாலேயின் ஐம்பது மீட்டர் ரைஃபிள் பதக்கம் ஒன்று. மற்ற இரண்டும் ஏர் பிஸ்டலில் வந்தவை, மனு பாக்கர் தனியாகவும் சரப்ஜோத் சிங்குடன் இணைந்தும் பெற்றவை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனைப் பார்த்து ஏர் ரைஃபிளைத் தேடி வந்த பிள்ளைகளை வரவேற்ற நாம், பிஸ்டல் கற்க வந்த பிள்ளைகளை மட்டும் வேறு ஊருக்குப் போகச் சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

பிஸ்டல் எளிது, இலக்கின் நடுவே பத்துப் புள்ளி தரும் பத்தாம் வட்டம் பெரிது என்ற பேச்சு நம் உறுப்பினர்களிடையே நெடுநாளாக உண்டு. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்து என்பது அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. ஏர் பிஸ்டல் இலக்கில் அது 11.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம். இந்த ஒப்பீடு உண்மையே, ஆனால் பாதி உண்மை. ரைஃபிள் வீரர் தடித்த கான்வாஸ் சட்டையும் கால்சட்டையும் அணிந்து, இடுப்பின் மேல் முழங்கையை ஊன்றி நிற்கிறார். பிஸ்டல் வீரர் நீட்டிய ஒற்றைக் கையால் மட்டுமே சுட வேண்டும். மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் கூடாது. சுடும் கையில் கைக்கடிகாரத்துக்குக்கூட விதிகளில் இடமில்லை. ஏர் பிஸ்டலின் விசை, அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கும் பகுதி, குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும், 25 மீட்டர் பிஸ்டலுக்கு அது 1000 கிராம். ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் விசைக்கு அப்படியொரு கீழ்வரம்பே இல்லை. பாரிஸில் மனு பாக்கர் தகுதிச் சுற்றில் 600க்கு எடுத்த 580 புள்ளிகள் உலகின் தலைசிறந்தவர்களிடையே மூன்றாம் இடத்துக்கு உரியவை. பெரிய வட்டத்தை வைத்துக்கொண்டும் உலகத் தரத்தில் இருபது புள்ளிகள் கைவிட்டுப் போகின்றன என்றால், கடினம் எங்கே இருக்கிறது என்பது விளங்கும். குறிமுள்ளின் மீது கண்ணை நிறுத்தி, விசையை அலுங்காமல் அழுத்தும் அடிப்படை ஒழுக்கம் இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே பிஸ்டல் வந்தால் ரைஃபிள் பயிற்சி தரம் குறையும் என்ற கவலைக்கு அடிப்படையில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

இனிப் பணிகளைப் பற்றி. பத்து மீட்டர் கூடத்தில் செய்ய வேண்டியிருந்தது குறைவு. ஏர் ரைஃபிளுக்கும் ஏர் பிஸ்டலுக்கும் இலக்கின் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதால் ஒரே கூடம் இரண்டுக்கும் பொருந்துகிறது. மாறுவது இலக்கு அட்டையும் முன்னிருக்கும் மேசையும்தான். இலக்குகளின் மீது விதிப்படி தேவையான 1500 லக்ஸ் வெளிச்சம் கிடைக்குமாறு விளக்குகளை மாற்றியுள்ளோம். நிலைகளுக்கிடையே பக்கத் தடுப்புகள் வைத்துள்ளோம். சக்கர நாற்காலியில் வருவோர் வாசலிலிருந்து சுடும் கோடு வரை தடையின்றிச் செல்லச் சாய்தளம் அமைத்ததோடு, இரண்டு நிலைகளின் மேசைகளை உயரம் மாற்றத்தக்கவையாகச் செய்துள்ளோம். பாராலிம்பிக்கில் அவனி லெகாரா வென்ற ரைஃபிள் தங்கங்களும், டோக்கியோ பாராலிம்பிக்கில் மணிஷ் நர்வால் ஐம்பது மீட்டர் பிஸ்டலில் வென்ற தங்கமும் நம் கண்முன் இருக்கையில், இவ்வசதி இல்லாமல் ஒரு கூடத்தைப் புதுப்பித்தோம் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை.

கூடத்தின் பின்புறம் ஒரு சிறு பழுதுபார்ப்பு மேசையும் உண்டு. இது ஆடம்பரம் என்று ஓர் உறுப்பினர் எழுதியிருந்தார். டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்று நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி விலைமதிப்பற்ற நிமிடங்கள் வீணானதையும், இறுதிச் சுற்று வாய்ப்பு அவர் கையைவிட்டுப் போனதையும் அந்த உறுப்பினருக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

பணியின் பெரும் உழைப்பும் பெரும் செலவும் 25 மீட்டர் தளத்துக்கே சென்றன. ஐம்பது மீட்டர் தளத்திலேயே பாதித் தொலைவில் பிஸ்டல் இலக்குகளை நட்டுவிடலாமே என்று பலர் கேட்டீர்கள். ரைஃபிள் இலக்குகள் ஏறத்தாழ முக்கால் மீட்டர் உயரத்தில் நிற்கின்றன; பிஸ்டல் இலக்குகள் அதைவிட உயரத்தில், 1.40 மீட்டரில் நிற்க வேண்டும். குழல்வாய் ஒரு பாகை விலகினால் 25 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 44 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். கைத்துப்பாக்கியின் குழல் குட்டையானதாகையால் அத்தகைய விலகல் புதியவர் கையில் எளிதில் நேரும். பாயின்ட் 22 (0.22 அங்குல விட்டமுள்ள) தோட்டா ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் செல்லக்கூடியது. நம் தளத்துக்குப் பின்னே வயல்களும், அவற்றில் வேலை செய்யும் மக்களும் இருக்கிறார்கள். எனவே மேலே தப்பும் குண்டைத் தடுக்கச் சுடும் கோட்டுக்கு முன்னால் தலைக்கு மேல் தடுப்புப் பலகைகள் வரிசையாக வேண்டும். அவற்றை ரைஃபிள் தளத்தின் மேல் கட்டினால் அங்கே இலக்குகளின் மீது நிழல் விழும். இந்த முரணைத் தீர்க்கத் தனித் தளம் தவிர வேறு வழி இல்லை.

புதிய தளம் பழையதைப் போலவே வடக்கு நோக்கியது. சூரியன் பெரும்பாலும் சுடுபவரின் முதுகுப்புறம் இருக்கும். இரு தளங்களின் சுடும் கோடுகளும் ஒரே நேர்கோட்டில் அமைக்கப்பட்டுள்ளன, அதாவது ஒரு தளத்தில் நிற்பவர் எவரும் மற்றத் தளத்தின் குழல்வாய்க்கு முன்னால் வரவே முடியாது. இடையில் முழு நீளத்துக்கும் சுவர் உண்டு. இலக்குகளுக்குப் பின்னே குண்டுகளைத் தாங்கும் மண்மேட்டின் முகப்பில் சலித்த மண் மட்டுமே கொட்டப்பட்டது. கல் கிடந்தால் குண்டு தெறித்துத் திரும்பும். வடகிழக்குப் பருவமழையில் பழைய மேடு சரிந்ததை அனைவரும் அறிவீர்கள். அதனால் இம்முறை மேட்டின் பின்சரிவில் வெட்டிவேர் நட்டு, அடியில் வடிகால் அமைத்துள்ளோம். முகப்பு மண்ணைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சலித்து ஈயத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். மழைநீரோடு ஈயம் பக்கத்து வாய்க்காலுக்குப் போவதை இந்தக் கழகம் ஒருபோதும் அனுமதிக்கலாகாது.

இத்தளத்தில் இப்போது ஐந்து இலக்குகள் கொண்ட ஒரு தொகுதி இருக்கிறது. இலக்குகள் மூன்று நொடி முகம் காட்டி, ஏழு நொடி திரும்பி நிற்கும். மகளிர் 25 மீட்டர் பிஸ்டலின் விரைவுப் பகுதிக்கு வேண்டிய ஏற்பாடு இதுவே. எட்டு, ஆறு, நான்கு நொடிகளில் ஐந்து இலக்குகளையும் சுடும் ரேபிட் ஃபயர் போட்டிக்கும் இதே தொகுதி உதவும். வெற்றுத் தோட்டாக் கூடுகள் பக்கத்தில் நிற்பவர் மீது தெறிக்காதிருக்க நிலைகளுக்கிடையே ஒளி ஊடுருவும் தடுப்புகள் உள்ளன. ஒவ்வொரு துப்பாக்கியிலும், சுடும் நேரம் தவிர, குழலில் தோட்டா இல்லை என்று காட்டும் பாதுகாப்புக் கொடி செருகப்பட்டிருக்க வேண்டும். தோட்டா சிக்கினால் குழல்வாயை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு மறுகையை உயர்த்த வேண்டும், ரேஞ்ச் அலுவலர்தான் வருவார். புதியவர்களுக்கு முதலில் குண்டில்லாப் பயிற்சி, பிறகு ஏர் பிஸ்டல், அதில் பொறுப்பாளர் நிறைவடைந்த பிறகே பாயின்ட் 22 என்ற வரிசை யாருக்கும் தளர்த்தப்படாது.

ஆயுத வைப்பறையில் நாங்கள் செலவிட்ட சிந்தனை உங்களுக்குக் கட்டடத்தில் தெரியாது. ரைஃபிளை எவரும் மறைத்து எடுத்துச் செல்ல இயலாது. கைத்துப்பாக்கி ஒரு பைக்குள் அடங்கிவிடும். ஆதலால் கைத்துப்பாக்கிகளுக்கு இரு பூட்டுகளும், இரு வேறு பொறுப்பாளர்களிடம் சாவிகளும், தோட்டாக்களுக்குத் தனி அறையும் ஏற்படுத்தப்பட்டுள்ளன. கொடுத்த தோட்டாக்கள், திரும்பிய தோட்டாக்கள், வெற்றுக் கூடுகள் ஆகிய மூன்றின் கணக்கும் அன்றன்றே பதிவேட்டில் சரிபார்க்கப்படும்.

சட்ட நிலையையும் உறுப்பினர்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் பிஸ்டலுக்கு, 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. பாயின்ட் 22 பிஸ்டலுக்குத் தேவை. ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கழகத்தின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் பாயின்ட் 22 ரைஃபிளுக்கும் ஏர் ரைஃபிளுக்கும் ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவே இந்த வரம்பிலிருந்து விலக்கு தருகிறது; அந்த வாசகத்தில் பிஸ்டல் குறிப்பிடப்படவில்லை. ஆகவே கழக உறுப்பினர் என்பதாலேயே பிஸ்டல் வைத்துக்கொள்ளலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். உரிமம் பெறும் நோக்கத்துக்காக மட்டும் உறுப்பினராக வருவோருக்குக் கழகம் எவ்விதச் சான்றும் பரிந்துரையும் வழங்காது என்ற தீர்மானத்தைக் குழு ஒருமனதாக முன்வைக்கிறது. மூத்தவர்களின் இரண்டாவது கவலை இதுவாகத்தான் இருந்தது; அதை நாங்கள் முழுமையாகப் பகிர்ந்துகொள்கிறோம்.

இடுப்புறையிலிருந்து உருவிச் சுடுதல், நகர்ந்துகொண்டே சுடுதல் ஆகியவற்றுக்கும் இடம் கேட்டுச் சிலர் மனு அளித்திருந்தனர். பிற நாடுகளில் அவை முறையான விளையாட்டுகளாக நடப்பதை அறிவோம். எனினும் ஒரு திசையில் மட்டும் தடுப்பு உள்ள நம் தளத்தில் அவற்றை அனுமதிக்க இயலாது. பெரிய விட்டமுள்ள தோட்டாக்களுக்கும் இப்போதைக்கு அனுமதியில்லை.

ஏர் பிஸ்டல் வகுப்புக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளிடம் கழகத்தின் பிஸ்டல்களே கொடுக்கப்படும். ரைஃபிளுக்கு வேண்டிய சட்டை, கால்சட்டை, கையுறை, காலணி என்ற செலவு இதில் பெரும்பாலும் இல்லாததால், இதுவரை நம் வாசலுக்கே வரத் தயங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் வருவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். சித்திரை வெயிலில் கான்வாஸ் சட்டைக்குள் நின்று பழகியவர்களுக்கு இதன் அருமை புரியும். சிறு கைகளுக்கேற்ற பிடிகளும் இடக்கைப் பழக்கமுள்ளோருக்கான பிடிகளும் வாங்கப்பட்டுள்ளன. பயிற்சி முடிந்ததும் கைகளைக் கழுவிய பிறகே உணவைத் தொட வேண்டும் என்பதைப் பெற்றோர்கள் வலியுறுத்த வேண்டுகிறோம். ஏர் பிஸ்டலின் சிறு குண்டுகளான பெல்லட்டுகள் ஈயத்தால் ஆனவை.

ரைஃபிள் தளத்தின் நேரமும் நிலைகளும் எள்ளளவும் குறைக்கப்படவில்லை. 25 மீட்டர் தளத்தின் நிழற்கூரையில் ஒரு பகுதியும், பார்வையாளர் பகுதியின் தடுப்புக் கம்பிகளும் இன்னும் முடிக்கப்பட வேண்டியுள்ளன. அவை முடியும்வரை அத்தளத்துக்குள் சுடுபவரும் அலுவலரும் தவிர வேறு எவருக்கும் அனுமதியில்லை. கைத்துப்பாக்கிப் பயிற்சியில் சேர விரும்புவோர், ஏற்கெனவே ரைஃபிளில் தேர்ந்தவர்களாக இருந்தாலும், பாதுகாப்பு வகுப்புக்குத் தம் பெயரை ஆயுத வைப்பறைப் பொறுப்பாளரிடம் பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். ரேஞ்ச் அலுவலராகப் பணியாற்ற முன்வரும் மூத்த ரைஃபிள் உறுப்பினர்களின் பெயர்களையும் அவரே ஏற்றுக்கொள்வார். இப்பணிக்கு, ஆட்சேபம் தெரிவித்த மூத்தவர்களையே குழு முதலில் அழைக்கிறது.

இங்ஙனம்,
சுடுதள விரிவாக்கப் பணிக்குழு