அப்பா எழுதிக்கொள்வது

அன்பு மகளுக்கு,

இயேசுவுக்கே புகழ். இங்கே நானும் அம்மாவும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல்.

போனில் பேசினால் “ம்”, “சரிப்பா”, “அம்மாட்ட குடுங்க” என்று முடித்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எதையாவது எழுதினால் கைகூப்பிய படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் பேப்பரில் எழுதி கூரியரில் அனுப்புகிறேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. நேரத்துக்குச் சாப்பிடுகிறாய்தானே? ரத்தம் கம்மி என்று டாக்டர் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதே. அம்மா முருங்கைக்கீரைப் பொடி இடித்துக் கொடுத்திருக்கிறாள், இதே பார்சலில் வருகிறது.

ஐப்பசி மழை இந்த வருஷம் பரவாயில்லை. வைகையில் தண்ணீர் வந்ததும் யானைக்கல் பக்கம் நின்று வேடிக்கை பார்க்க ஒரே கூட்டம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகம். பெரிய அத்தை வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் போகவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும்.

மறைக்கல்வி வகுப்புக்கு இப்போதும் ஞாயிறுதோறும் போகிறேன். வாசகம் வாசிக்கப் பழகுகிற பிள்ளைகளுக்கு உன் பழைய தாள்களைத்தான் காட்டுகிறேன். எங்கே மூச்சு விடவேண்டும் என்று பென்சிலால் புள்ளி வைத்திருப்பாய். நெபுகத்னேசர் என்ற பெயரைத் துண்டு துண்டாகப் பிரித்து வரிக்கு மேலே எழுதியிருப்பாய். நீ வாசித்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கும் புரியும் என்று முன்பிருந்த பங்குத்தந்தை எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்றைக்குக் கோவிலிலிருந்து நான் வீட்டுக்கு வந்த நடையே வேறு.

அப்படிப்பட்ட பிள்ளை ஈஸ்டருக்குக்கூட ஊருக்கு வரவில்லை. செப்டம்பரில் சிவாஜிநகர் மாதா கோவில் திருவிழாவுக்குப் போனாயா என்று அம்மா கேட்டதற்கு ஆபீசில் லீவு இல்லை என்றாய். மாதா பிறந்தநாளுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வர லீவு எதற்கு? ஞாயிறு பூசைக்குப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு உண்டு, ஆனாலும் கேட்கவில்லை. மாப்பிள்ளை தனியாகத்தான் போய்வருகிறார் என்பது சம்பந்தியம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. எங்களிடம் நீயே சொல்லியிருக்கலாம்.

சரி, அதை விடு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பழைய விவிலியத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் எத்தனையோ தடவை நடத்திய பகுதிதான். இலாசர் இறந்தார், இயேசு எழுப்பினார் என்று ஓடிப்போய் முடிவில் நின்றுவிடுவோம். இப்போது எனக்கு நடுவில் இருப்பதுதான் பெரிதாகத் தெரிகிறது. இயேசு வருகிறார் என்று கேள்விப்பட்டதும் இலாசரின் சகோதரி மார்த்தா எழுந்து எதிர்கொண்டு போகிறாள். அவள் தங்கை மரியா போகவில்லை. வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். யார் இந்த மரியா? ஆண்டவருடைய காலடியை விட்டு நகராமல் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாளே, அவள்தான். ஆள் அனுப்பியும் அவர் உடனே வரவில்லை. கல்லறையில் வைத்து நாலு நாளாகிவிட்டது. இனி எழுந்து போய் என்ன ஆகப்போகிறது என்று அவள் மனம் சொல்லியிருக்கும். அதற்காக யோவான் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இயேசுவும் சொல்லவில்லை. “போதகர் வந்துவிட்டார், உன்னை அழைக்கிறார்” என்று அக்காள் வந்து அவள் காதோடுதான் சொல்கிறாள், ஊர் கேட்கச் சொல்லவில்லை. அப்புறம் 30-ஆம் வசனத்தைப் பார். இயேசு இன்னும் ஊருக்குள் வராமல், மார்த்தா தம்மைச் சந்தித்த இடத்திலேயே இருந்தாராம். இறந்தவரை எழுப்ப வந்தவர், இவள் வரட்டும் என்று ஊருக்கு வெளியே காத்திருந்ததாகத்தான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

வந்தவள் என்ன சொன்னாள்? மார்த்தா சொன்ன அதே வார்த்தையைத்தான். “ஆண்டவரே, நீர் இங்கே இருந்திருந்தால்…” காலில் விழுந்து சொன்னாலும் அது முறையீடுதானே? மார்த்தாவிடம் “உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே” என்று அவ்வளவு பெரிய வார்த்தை சொன்னவர், மரியாவுக்கு ஒரு விளக்கமும் சொல்லவில்லை. எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார். அழுதார்.

இதைப் பூசைக்குப் போ என்பதற்காக எழுதவில்லை. போனால் எனக்குச் சந்தோஷம்தான், அதை மறைக்கவில்லை. கோபமாக இருந்தால் கோபத்தோடு போ. ஜெபிக்க வரவில்லை என்றால் சும்மா போய் உட்கார். விவிலியத்தில் திருப்பாடல் 88-ஐ எடுத்துப் பார். மற்ற புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு நம்பிக்கையில் போய் முடியும். இது இருட்டிலேயே முடிகிறது. அந்தப் பாட்டைத் திருச்சபை ஒதுக்கிவைக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் உலகம் முழுவதும் குருக்களும் கன்னியரும் அதைச் சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போகிறார்கள். சிலுவையில் தொங்கியவரும் “ஏன் என்னைக் கைவிட்டீர்?” என்றுதான் கேட்டார், அதுவும் ஒரு திருப்பாடலின் முதல் வரிதான். ஆகவே நீ ஆண்டவரிடம் என்ன கேட்டாலும் அது தப்பாகிவிடாது. அவரிடமே கேள். பேசாமல் மட்டும் இருக்காதே.

எங்களிடமும்தான்.

விவிலியத்தில் வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து பிறகு பெற்ற அன்னாவைப் பற்றியும் சாராவைப் பற்றியும் உன்னிடம் பேச வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்தது கிடைக்கும் என்று ஆறுதல் சொல்கிறவர்களையும் வாசலோடு நிறுத்திவிடுகிறேன். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாய் திறந்த பிறகு எல்லாம் கெட்டது. கடைசியில் ஆண்டவர், என் ஊழியன் யோபுவைப் போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று அவர்கள் மேல்தான் சினம் கொண்டார், திட்டித் தீர்த்த யோபுவின் மேல் அல்ல.

பெரிய அத்தை கூடத்தில் சொன்னதை நீ அடுக்களையில் நின்று கேட்டுவிட்டாய் என்று அம்மா சொல்கிறாள். இதைத்தான் உன்னிடம் எப்படி எடுப்பது என்று தெரியாமல் மழையையும் முழங்காலையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளை மோட்சம் பார்க்காது என்பது திருச்சபையின் போதனை இல்லை, பாப்பா. அப்படிப்பட்ட பிள்ளைகள் மோட்சமும் இல்லாத நரகமும் இல்லாத லிம்போ என்ற இடத்தில் இருப்பார்கள் என்று அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், அத்தையும் அப்படிக் கேட்டு வளர்ந்தவர்தான். அது இறையியலாளர்கள் வைத்திருந்த ஒரு கருத்து. இதை விசுவசித்தே ஆகவேண்டும் என்று திருச்சபை ஒருநாளும் அறிக்கையிட்டதில்லை. 1992-இல் வந்த, திருச்சபையின் போதனைகளைத் தொகுத்துச் சொல்கிற மறைக்கல்வி நூலில் 1261-ஆம் எண்ணை எடுத்துப் பார். அப்படிப்பட்ட குழந்தைகளைத் திருச்சபை கடவுளுடைய இரக்கத்தில் ஒப்படைக்கிறது என்றும், சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள் என்று இயேசு சொன்னதாலேயே நாம் நம்பிக்கை கொள்ளலாம் என்றும் இருக்கிறது. 2007-இல் பெனடிக்ட் பாப்பரசரின் ஒப்புதலோடு பன்னாட்டு இறையியல் குழு இதற்கென்றே ஓர் ஏடு வெளியிட்டது. அந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று எதிர்நோக்க உறுதியான காரணங்கள் உண்டு என்பதுதான் அதன் சாரம். ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று பெற்றோர் நினைத்திருந்து, அதற்கு முன்பே குழந்தை இறந்துபோனால், ஆயர் அனுமதியோடு கோவில் முறைப்படி அடக்கம் செய்யலாம் என்று திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதற்கென்று திருப்பலிப் புத்தகத்தில் தனி மன்றாட்டுகளும் உண்டு. பெற்றோருக்கு ஆறுதல் கேட்கிற மன்றாட்டுகள் அவை. நீங்கள் நினைக்காமலா இருந்தீர்கள்? ஞானத்தாய் யார் என்பதுவரை பேசி வைத்திருந்தீர்களே.

டிசம்பர் 28-இல் மாசில்லாக் குழந்தைகள் திருநாள் கொண்டாடுகிறோம். இயேசு பிறந்த சமயத்தில் ஏரோது அரசன் கொன்ற பெத்லகேம் பிள்ளைகளுக்கு யார் ஞானஸ்நானம் கொடுத்தது? அவர்களை மறைசாட்சிகள் என்று பீடத்தில் வைத்திருக்கிறோம். அந்த இடத்தில் மத்தேயு எரேமியாவின் வார்த்தையை எடுத்து எழுதுகிறார். இராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள் என்று. மறுத்தது தவறு என்று அவர் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் கீழவெளி வீதிப் பேராலயத்துக்குப் போய்வருகிறேன். சின்ன வயதில் அந்தக் கோவிலுக்கு உன்னைக் கூட்டிப்போனால் வியாகுல மாதா ஏன் சிரிக்கவில்லை என்று கேட்பாய். வீரமாமுனிவர் அந்தத் தாயின் அழுகைக்கென்றே ஓர் அந்தாதி பாடியிருக்கிறார். “உமது உள்ளத்தையும் ஒரு வாள் ஊடுருவிப் பாயும்” என்று முதியவர் சிமியோன் மாதாவிடம் சொன்னது அந்தத் தாயின் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது. அங்கே உட்கார்ந்து நான் உனக்காகத்தான் வேண்டிக்கொள்கிறேன், வேறு எந்தக் கருத்தும் இப்போது வருவதில்லை.

மாத்திரையை நிறுத்திவிடாதே. ரத்தம் கம்மி என்றால் தலை சுற்றும், வண்டி ஓட்டாதே.

கல்லறைத் திருநாள் வருகிறது. தாத்தா பாட்டி கல்லறைக்கு வெள்ளையடித்தாயிற்று. செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் முதல்நாள் விலை ஏறிவிடும் என்று மாட்டுத்தாவணியில் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். நவம்பர் மாதப் பூசைகளில் நினைவுகூர, இறந்தோர் பெயரை எழுதிப் போடச் சொல்லி வழக்கம்போல் கோவிலிலிருந்து உறை கொடுத்திருக்கிறார்கள். தாத்தா, பாட்டி, சித்தப்பா என்று எழுதிவிட்டேன். அதற்குக் கீழே ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன்.

நீங்கள் இரண்டுபேரும் ஒரு பெயர் நினைத்து வைத்திருந்தது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னார். அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. பங்குத்தந்தையிடம் மட்டும், பெயர் எழுதலாமா என்று பொதுவாகக் கேட்டேன். தாராளமாக எழுதுங்கள் என்றார். ஆனால் அது நீங்கள் வைத்த பெயர், உன்னைக் கேட்காமல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

மாதக் கடைசி ஞாயிற்றுக்குள் உறையைக் கொடுக்க வேண்டும். எழுதவா, வேண்டாமா? போனில் வாய் வராவிட்டால் மெசேஜில் ஒரு வார்த்தை போடு. வேண்டாம் என்றாலும் அப்பாவுக்கு வருத்தமில்லை. மாப்பிள்ளையிடமும் கேட்டுக்கொண்டு சொல். அவருக்கும் பிள்ளைதானே.

அன்புடன்,
அப்பா