ஆறு ஈய சிப்பாய்ங்களை ரிப்பேருக்கு அனுப்பினது பத்தின புகார்

பெறுநர்: மேனேஜர், கஸ்டமர் சர்வீஸ்
பொருள்: பெயின்ட்ல கை வைக்கக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்தும் மொத்தமா உரிச்சு ரீபெயின்ட் பண்ணது, ஒரிஜினல் தலைங்க திரும்ப வராதது, டிஸ்ப்ளே பெட்டியால ஈயம் அரிக்க ஆரம்பிச்சது

வணக்கம்,

போன மார்ச் மாசம் உங்க கம்பெனிக்கு ஆறு பழைய ஈய சிப்பாய் பொம்மைங்கள ரிப்பேருக்கு அனுப்பினேன். பில் 14,500 ரூபா, அதுல 5,000 அட்வான்ஸ், மிச்சத்த டெலிவரிக்கு முன்னாடியே கட்டிட்டேன். ஃபோன்ல மூணு தடவ பேசிப் பாத்துட்டேன், "டெக்னிக்கல் டீம்ல இருந்து கூப்பிடுவாங்க சார்"னு சொல்றாங்களே தவிர யாரும் கூப்பிடல. அதான் எழுத்துல அனுப்புறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனா முழுசா படிங்க, ஏன்னா என்ன தப்பு நடந்துச்சுன்னே உங்க ஆளுங்களுக்கு இன்னும் புரியலன்னு அவங்க பேசறதுலயே தெரியுது.

முதல்ல அது என்ன பொம்மைன்னு சொல்லிடறேன். லண்டன்ல பிரிட்டன்ஸ் கம்பெனி செஞ்ச செட், அவங்க பட்டியல்ல 67ஆம் நம்பர், மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி, அதாவது பிரிட்டிஷ் காலத்து மெட்ராஸ் காலாட்படை. சிவப்பு கோட்டு, தலப்பா, 54 மில்லிமீட்டர் உயரம். அந்தப் படை இருந்த மெட்ராஸ் ஆர்மியே 1895-ல மத்த மாகாணப் படைங்களோட சேந்து ஒரே இந்திய ராணுவமா ஆயிருச்சு, அதுக்கப்புறமும் லண்டன்ல பொம்மையா அந்தப் பேரு வந்துட்டு இருந்துச்சு. அத நம்ம ஊர் மூர் மார்க்கெட்ல, பழைய சாமான் கடைல, 1956-ல எங்க தாத்தா எங்கப்பாவுக்கு வாங்கிக் குடுத்தாரு. தாத்தா ரயில்வேல கிளார்க், சென்ட்ரல்ல இறங்கினா பக்கத்துலயே மூர் மார்க்கெட், சம்பள நாள்ல ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வீட்டுக்கு வருவாராம். யாரோ வெள்ளக்கார குடும்பம் ஊருக்குக் கிளம்பும்போது வித்துட்டுப் போனதா கடைக்காரர் சொன்னாராம். எட்டு பேர்ல ரெண்டு பேர் அப்பாவோட சின்ன வயசுலயே தொலஞ்சு போய் ஆறு பேர் மிச்சம். அந்த மார்க்கெட்டே 1985-ல எரிஞ்சு போச்சு. அப்பா போய் நாலு வருஷம் ஆகுது. எங்க வீட்ல அவரோட கைரேகை இருக்கற சாமான்னு சொன்னா இதுதான்.

நான் அனுப்பும்போது பிரச்சன ஒண்ணே ஒண்ணுதான். மூணு பேருக்கு கழுத்து உடைஞ்சு தலை தனியா வந்திருந்துச்சு. இந்த வகை பொம்மைல அது சகஜம். 1893-ல வில்லியம் பிரிட்டன் ஜூனியர் கொண்டு வந்த முறை இது, பித்தளை அச்சுல உருக்கின ஈயக் கலவைய ஊத்தி, அச்சு ஓரமா ஓடு மாதிரி இறுகினதும் உள்ள இருக்கற மிச்சத்த கவுத்து வெளிய ஊத்திருவாங்க, அதனால பொம்ம உள்ள குழாய் மாதிரி இருக்கும், ஈயம் கம்மியா செலவாகும், விலையும் கம்மி, அதுவரைக்கும் ஜெர்மனில இருந்து வந்துட்டு இருந்த கெட்டி ஈய பொம்மைங்கள அப்படித்தான் அவங்க ஜெயிச்சாங்க. ஆனா கழுத்துல ஓடு ரொம்ப மெல்லிசு, கீழ விழுந்தா முதல்ல போறது தலதான். அதுக்கு நூறு வருஷமா எல்லாரும் பண்ற வைத்தியம் ஒரு தீக்குச்சி. குச்சிய வெட்டி கழுத்துக்குள்ள பாதி தலைக்குள்ள பாதி சொருகி ஒரு சொட்டு பசை, அவ்ளோதான். நானே பண்ணியிருப்பேன், எனக்கு கை நடுங்கும், கண்ணும் முன்ன மாதிரி இல்ல, அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்.

உங்க ஆர்டர் ஃபாரத்துல நான் எழுதினத அப்படியே தரேன், ஜெராக்ஸ் வச்சிருக்கேன்: "மூணு தலைகளை ஒட்டினா போதும். பெயின்ட்ல கை வைக்க வேண்டாம். கழுவ வேண்டாம்." இதுக்கு மேல தெளிவா எழுத எனக்குத் தெரியல. ஃபோன்ல பேசினவரும் "கவலப்படாதீங்க சார், ஒரிஜினல் கண்டிஷனுக்கே கொண்டு வந்துருவோம்"னு சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைலதான் எல்லாம் போச்சுன்னு இப்போ புரியுது. நான் ஒரிஜினல்னு சொன்னது அது மேல அன்னைக்கு அடிச்ச பெயின்ட், தேய்ஞ்சிருந்தாலும் உரிஞ்சிருந்தாலும் அதே பெயின்ட். நீங்க ஒரிஜினல்னு நினைச்சது கடைல வச்ச அன்னைக்கு எப்படி பளபளன்னு இருந்திருக்குமோ அந்த லுக்கு. பழைய பொம்மை சேக்கறவங்க யார்கிட்ட கேட்டாலும் முதல்ல சொல்றது, பெயின்ட் பாதி போயிருந்தாலும் ரீபெயின்ட் பண்ணா மதிப்பு இறங்கிரும், ஏலத்துல கூட ரீபெயின்டட்னு தனியா எழுதித்தான் விப்பாங்க. எனக்கு விக்கற எண்ணமே இல்ல, ஆனா இந்த வேலைய தொழிலா பண்ற கம்பெனிக்கு இது தெரிஞ்சிருக்க வேண்டாமா?

பார்சல்ல வந்தத சொல்றேன். ஆறு பேரும் ஒரே மாதிரி ரத்தச் சிவப்புல, மேல கார் மாதிரி மின்னற வார்னிஷோட நிக்கறாங்க. தலை உடையாத மூணு பேரயும் சேத்து உரிச்சிருக்கீங்க, அவங்களத் தொடவே வேண்டாம்னுதான சொன்னேன்.

அதுல ஒருத்தர் இருந்தாரு, இடது கன்னத்துல பெயின்ட் தேய்ஞ்சு சாம்பல் கலர்ல ஈயம் தெரியும், சின்னப் பையனா இருந்தப்போ அப்பா எப்பவும் அவரத்தான் கைல வச்சுட்டு கட்டவிரலால முகத்தத் தேய்ச்சுட்டே இருப்பாராம், பாட்டி சொல்லுவாங்க. கண்ணுக்கு ரெண்டு கருப்பு புள்ளி, மீசைக்கு ஒரே இழுப்பு, அந்த மீசை ஒரு பக்கம் கொஞ்சம் மேல ஏறியிருக்கும். லண்டன் தொழிற்சாலைல ஏதோ ஒரு பொண்ணு அன்னைக்கு பிரஷ்ஷ எப்படி இழுத்தாளோ அது அப்படியே நம்ம வீடு வரைக்கும் வந்து சேந்துச்சு. இப்போ அந்தக் கன்னத்துல புது பிரவுன் பெயின்ட், வெள்ளை முழி, அதுக்குள்ள கருவிழி, நேரா ஒரு மீசை. வேலை சுத்தமாத்தான் இருக்கு, பண்ணவர் கைத்திறன நான் குறை சொல்லல, ஆனா இப்போ அந்த சிப்பாய் எனக்குத் தெரியாத ஆளு. எங்கம்மா கைல வாங்கிப் பாத்துட்டு "இது எது?"னு கேட்டாங்க.

பீடத்துக்கு அடில இன்னொரு விஷயம். ஆரம்ப காலத்துல மத்தவங்க இந்த பொம்மைங்கள காப்பி அடிக்க ஆரம்பிச்சதும், காப்புரிமைன்னு அச்சடிச்ச குட்டி பேப்பர் லேபிள அடில ஒட்டினாங்க, அப்புறமா அச்சுலயே அந்த எழுத்த வெட்டிட்டாங்க. என்கிட்ட இருந்த ஆறுல ரெண்டுல அந்தப் பேப்பர் இருந்துச்சு, பழுப்பேறி ஓரம் கிழிஞ்சு. உங்க கெமிக்கல்ல முக்கினதுல அதுவும் கரைஞ்சு போச்சு. அந்தப் பேப்பர யாராலயும் திரும்ப செஞ்சு தர முடியாது.

தலை விஷயத்துக்கு வரேன். நான் சின்ன கவர்ல போட்டு மேல "தலை 3"னு எழுதி அனுப்பினேன். நீங்க அந்தத் தலைங்கள ஒட்டல, புதுசா வார்த்து மாட்டியிருக்கீங்க. தலப்பா மடிப்பே வேற. அதுவும் கெட்டியா வார்த்ததால கனம், ரெண்டு பேர் நிக்கவே மாட்டேங்கறாங்க, முன்னாடி கவுந்துடறாங்க. பழைய தலைங்க எங்கன்னு கேட்டா "வேஸ்ட்ல போயிருக்கும் சார்"னு பதில். நான் குடுத்த பொருள் அது, வேஸ்ட்னு முடிவு பண்ண யார் சொன்னா?

எல்லாத்துக்கும் மேல அந்தப் பெட்டி. நான் கேக்காமயே "காம்ப்ளிமென்டரி"ன்னு ஒரு பிளைவுட் டிஸ்ப்ளே பெட்டி, முன்னாடி கண்ணாடி, அந்தக் கண்ணாடியயும் பொம்மைங்க காலயும் பாத்ரூம்ல அடிக்கற சிலிகான வச்சு ஒட்டியிருக்கீங்க. திறந்ததும் குப்புனு வினிகர் வாசம். அந்த வகை சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், அதான் அந்த வாசம். ஈயத்துக்கு அத விட மோசமான எதிரி கிடையாது. ஓக் மர அலமாரில வச்ச ஈய பொம்மைங்க வெள்ளையா பூத்து உதிர்றது இந்த அமிலத்தாலதான், பிளைவுட் பசைல இருந்து வர்ற ஆவியும் நல்லதில்ல. மூடி வச்ச பெட்டி, சென்னை ஈரக்காத்து, உரிச்சதுல பீடத்துக்கு அடில வெறும் ஈயம். ஏழு வாரத்துல ரெண்டு பேர் கால்கிட்ட மாவு தூவின மாதிரி வெள்ளை. அது ஈய கார்பனேட், விஷம். எங்க வீட்ல நாலு வயசுல பேத்தி இருக்கா, பெட்டி ஹால்ல அவ கைக்கு எட்ற உயரத்துல இருந்துச்சு. நான் மாஸ்க்கும் கிளவுஸும் போட்டு வெளிய எடுத்து, தனித்தனியா பிளாஸ்டிக் டப்பால மாத்தி மேல வச்சிட்டேன்.

இதுல இன்னொண்ணு எனக்கு உறுத்துது. உங்க வேலை வீடியோ ஒண்ணு அனுப்பினீங்கல்ல, அதுல ஒரு பையன் மாஸ்க் இல்லாம உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சுட்டு இருக்கான், பக்கத்துலயே டீ டம்ளர். பழைய பெயின்ட்லயும் ஈயம் இருக்கும், உள்ள இருக்கறதும் ஈயம். பொம்மைல ஈயம் கூடாதுன்னுதான் இங்கிலாந்துல 1966-ல இந்தத் தயாரிப்பையே நிறுத்தினாங்க. என் பொம்மை போனது போச்சு, அந்தப் பையனுக்கு ரத்தத்துல ஈயம் எவ்ளோ இருக்குன்னு ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்க.

ரீபெயின்டே பண்ணக் கூடாதுன்னு சொல்ற ஆள் இல்ல நான். பெயின்ட் சுத்தமா போன ஈய பொம்மை, ஏர்ஃபிக்ஸ் கம்பெனியோட பழைய பிளாஸ்டிக் சிப்பாய்ங்க, இதெல்லாம் நானே சோப்புத் தண்ணில கழுவி காய வச்சு பெயின்ட் பண்ணியிருக்கேன், அது வழவழ பிளாஸ்டிக், கழுவலன்னா பெயின்ட் ஒட்டாது, அப்படி உயிர் வந்ததுங்க அலமாரி நிறைய இருக்கு. ஆனா கைல எடுத்ததும் முதல்ல பாக்க வேண்டியது, இதுல அன்னைக்குப் போட்ட பெயின்ட் இருக்கா இல்லயான்னு. இருந்தா விட்டுடணும். அத உங்க ஆளுங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

எனக்கு வேண்டியது இதுதான். முதல்ல அந்த மூணு தலைங்க, உங்க பட்டறைல குப்பைக்கூடை, டிராயர், வார்க்கறதுக்கு எடுத்து வச்ச பழைய ஈயம் எல்லாம் தேடிப் பாருங்க, உருக்காம இருந்தா கிடைக்கும். அடுத்து, உரிக்கறதுக்கு என்ன கெமிக்கல் போட்டீங்க, அப்புறம் எதுல கழுவினீங்கன்னு எழுத்துல வேணும், அது தெரிஞ்சாதான் மிச்சம் இருக்கறத அரிக்காம காப்பாத்த முடியும். உரிக்கறதுக்கு முன்னாடி எடுத்த ஃபோட்டோ எல்லாம் வேணும், என்கிட்ட அந்த முகங்களோட நல்ல ஃபோட்டோ ஒண்ணு கூட இல்ல. கட்டின 14,500 ரூபா முழுசா திரும்ப வரணும். உங்க விளம்பரத்துல பழசு, புதுசுன்னு பக்கத்துல பக்கத்துல போட்டிருக்கற என் பொம்மைங்க படத்த இன்னைக்கே எடுத்துருங்க.

இந்த லெட்டர் கிடைச்ச 15 நாளுக்குள்ள பதில் வரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடுவேன், ஃபாரம், பில், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் எடுத்து வச்சாச்சு.

தலைங்க கிடைச்சா துடைக்காதீங்க, எதுலயும் முக்காதீங்க. அமிலம் இல்லாத டிஷ்யூ பேப்பர்ல சுத்தி சாதாரண பிளாஸ்டிக் டப்பால போட்டு ஒரு ஃபோன் பண்ணுங்க, கொரியர் வேண்டாம், நானே நேர்ல வந்து வாங்கிக்கறேன்.

இப்படிக்கு,
மார்ச் மாசம் ஆறு மெட்ராஸ் சிப்பாய்ங்கள அனுப்பின கஸ்டமர்