உள்ளே இருக்கும் துணியை வெட்டாதே

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய போட்டோவை அப்பா பெரிதாக்கிக் காட்டினார். பச்சை கவுன் உனக்கு எடுப்பாக இருக்கிறது. யாரோ போட்டுக் கழித்ததைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று அப்பத்தா கேட்டார். லண்டனில் அதற்குத்தான் கிராக்கி என்று சொல்லி வைத்தேன்.

உள்ளே சிசி41 என்று அந்த ஊர் அரசாங்கத்தின் யுத்த கால முத்திரை இருக்கிறது என்றாயே, அதைக் கடையில் மாஸ்டரிடம் சொன்னேன். யுத்த காலத்தில் கூப்பன் கொடுத்தால்தான் துணி, ஒரு கவுனுக்கு இத்தனை மடிப்பு, இத்தனை பட்டன் என்று சட்டமே இருந்தது என்றதும், "அதில் அழகாகத் தைத்தவன் கெட்டிக்காரன்" என்றார். என் மகளும் கெட்டிக்காரிதான் என்றேன்.

அது ரேயான் கிரேப் மாதிரி தெரிகிறது. தண்ணீரில் போட்டுவிடாதே, சுருங்கிவிடும். கக்கத்தில் வேர்வை பட்டு இற்றுப்போயிருக்கும், மெல்லிய காட்டன் அடித்துணி கொடு. ஒன்பதாம் நம்பர் ஊசி போடு. முதலில் நூலோட்டிப் போட்டுப் பார், பிறகு மிஷினில் ஓட்டு. பழைய துணியில் தையலைப் பிரித்தால் துளை மறையாது. முக்கியமாக, பிடித்த பிறகு உள்ளே இருக்கும் துணியை வெட்டாதே.

இடுப்பில் மூன்று இன்ச்சாவது பிடித்திருக்கிறாய். அந்தக் காலத்துக் கவுனில் இடுப்பு சிறுத்திருக்கும், உனக்குப் பிரித்துவிட்டால்தான் சேரும் என்று நீதானே சொல்வாய்? மார்கழியில் வந்தபோது எடுத்த அளவு நோட்டில் இருக்கிறது. இந்தக் கவுன்காரி பெரிய உடம்பாக இருந்திருப்பாள் போல. மூன்று ஞாயிறாகப் போன் இல்லை. வேலை இருக்கும், சரி. அரிசி அங்கே கிடைக்கிறதுதானே? வெட்டாமல் வைத்தால் பூசினாற்போல் ஆனதும் பிரித்துக்கொள்ளலாம்.

நாலாவது படிக்கும்போது தீபாவளிக்கு ரோஸ் ஃபிராக் கொடுத்தேனே, கடையில் வாங்கியது என்று. வாங்கவில்லை. தைக்கக் கொடுக்கும் வீட்டில் கழித்தது. காலரை எடுத்து, கீழே லேஸ் வைத்து, இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். பாக்கெட்டில் நூலால் போட்டிருந்த வாத்தை மட்டும் எடுக்க மனசு வரவில்லை. அந்த வீட்டுப் பெண் உன் வகுப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டு அனுப்பினேன்.

நீ வந்து ஒன்றுமே சொல்லவில்லை. மறுநாள் பார்த்தால் வாத்து இல்லை. பிளேடால் நூல் நூலாகப் பிரித்திருந்தாய், துணியில் ஒரு கீறல் இல்லை. எட்டு வயதுக் கைக்கு என்ன பக்குவம் என்றுதான் எனக்குத் தோன்றியது, பார்த்துக்கொள். உன்னை உட்காரவைத்து என்ன நடந்தது என்று கேட்டிருக்க வேண்டும். மிஷினில் போய் உட்கார்ந்துகொண்டேன். அப்புறம் கேட்க வாய் வரவே இல்லை.

தைக்கு ஜாக்கெட் இரண்டு தைத்து அனுப்புகிறேன். மார்பு, இடுப்பு, கைச்சுற்று எல்லாம் புதிதாக எடுத்து அனுப்பு. நோட்டில் இருப்பதே போதும் என்று சொல்லாதே. டேப்பை இறுக்காமல், ஒரு விரல் விட்டு எடு. உள்ளதை உள்ளபடி எழுது.

அம்மா