புல்லை வெட்டிக் கட்டிய வீடு

அன்புள்ள கதிர்வேலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தி மனதை நிறைத்துவிட்டது. குழந்தைக்கு என் ஆசிகள்.

அரசாங்கம் 160 ஏக்கரை இனாமாகக் கொடுத்தும் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் குடியேறியவர்கள் ஏன் மண் வீட்டில் கிடந்தார்கள் என்று கேட்டிருந்தாய். 1862-இல் ஜனாதிபதி லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டப்படி, கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர்தான். ஆனால் அந்த நிலத்தில் வீடு கட்டி, 5 வருடம் அங்கேயே இருந்து பயிர் செய்ததற்கு இரண்டு பேர் சாட்சி சொன்னால்தான் பட்டா. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் குடியுரிமை பெறப்போவதாக எழுதிக் கொடுத்து நிலம் கேட்கலாம். ஸ்வீடன், செக், ஜெர்மன் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக வர இதுவும் ஒரு காரணம்.

வீடு கட்ட மரம் வேண்டுமே! ஆற்றோரம் கொஞ்சம் காட்டன்வுட், ஓடைப் பள்ளங்களில் சீடார், மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் புல்தான். பலகை வாங்கக் கையில் காசில்லாதவர்கள் புல்லையே வேரோடு வெட்டிச் சுவர் எழுப்பினார்கள்.

இதில் மண்ணைவிட வேர்தான் முக்கியம். பிரெய்ரி எனப்படும் அந்தப் பரந்த புல்வெளியில் வளரும் புல்லின் வேர் பின்னிப் பின்னி மண்ணை இறுக்கிப் பிடித்திருக்கும். சாதாரணக் கலப்பை அதைக் கிழித்து உதிர்த்துவிடும். அதனால் வெட்டுக்கிளிக் கலப்பை என்று ஒன்று வைத்திருந்தார்கள். புரட்டும் பலகைக்குப் பதிலாக அதில் வளைந்த இரும்புக் கம்பிகள் இருக்கும். ஓர் அடி அகலம், 4 அங்குலக் கனத்தில் பாய் சுருளைப் போல நீளமாகப் புரட்டிப் போடும். அதை மண்வெட்டியால் 3 அடித் துண்டுகளாக வெட்டுவார்கள். ஒரு கட்டி ஏறக்குறைய 20 கிலோ. 16-க்கு 20 அடி வீட்டுக்குச் சுமார் 3,000 கட்டிகள். மண் ஈரமாக இருக்கும்போதுதான் வெட்ட வேண்டும். அன்றைக்கு வைக்கக்கூடிய அளவுக்கு மேல் வெட்டினால் காய்ந்து உதிர்ந்துபோகும்.

புல் பக்கம் கீழே இருக்கும்படி கட்டிகளைக் கவிழ்த்து, இரண்டு மூன்றை அருகருகே வைப்பார்கள். சுவர் 2 அடிக்கு மேல் தடிமன் வரும். இணைப்பு மேல் இணைப்பு வரக்கூடாது. சில வரிசைகளுக்கு ஒருமுறை குறுக்கே ஒரு வரிசை வைத்துக் கட்டுவார்கள். நிலையையும் சன்னலையும் மரமுளை அடித்துச் சுவரோடு பிணைத்துவிட்டு, சட்டத்துக்கு மேலே சில அங்குலம் இடைவெளி விட்டுத் துணியைத் திணிப்பார்கள். சுவர் மாதக்கணக்கில் அமுங்கி இறங்கும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் முழுப் பாரமும் சட்டத்தில் உட்கார்ந்து கண்ணாடி உடைந்துவிடும். கட்டி முடித்ததும் உட்சுவரை மண்வெட்டியால் சீவி, களிமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசுவார்கள்.

சுவர் நன்றாக நிற்கும். ஆபத்தெல்லாம் கூரையில்தான். முகட்டுக் கட்டைமேல் கைமரம், அதன்மேல் சுள்ளி, புல், கடைசியில் ஒரு வரிசைப் புற்கட்டி. மழை விட்ட பிறகும் நாள்கணக்கில் சேற்றுத் தண்ணீர் சொட்டும். ஊறிய கூரை இரட்டிப்புக் கனமாகி, மெலிந்த கைமரத்தை முறித்து ஆட்கள் மேலேயே விழுந்திருக்கிறது. கையில் காசு சேர்ந்தவர்கள் முதலில் மாற்றியது கூரையைத்தான். உள்ளே மஸ்லின் துணியை விதானம்போல் கட்டுவார்கள், உதிரும் மண்ணும் பூச்சியும் சில நேரம் பாம்பும் தலையில் விழாமல் இருக்க. ஆனாலும் கோடையில் குளிர்ச்சி, பனிக்காலத்தில் கதகதப்பு. விறகில்லாத ஊரில் முறுக்கிய வைக்கோலையும் காய்ந்த சாணத்தையும் எரித்து அந்த வீட்டைச் சூடாக்க முடிந்தது பெரிய விஷயம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அது காலி நிலம் இல்லை. லூப் ஆற்றங்கரையில் பாவ்னி என்ற பழங்குடி மக்கள் மரத்தூண் நட்டு, கிளையும் புல்லும் பரப்பி, மேலே மண் மூடிய வட்ட வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். அமெரிக்க அரசோடு செய்த 1857 ஒப்பந்தத்தில் நிலத்தின் பெரும்பகுதி போனது. 1870-களின் நடுவில் மிச்சமிருந்தவர்களும் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக வேண்டியதாயிற்று. அவர்கள் இழந்த நிலம்தான் 160 ஏக்கர் துண்டுகளாகப் பிரிந்து இனாம் ஆனது. இதை விட்டுவிட்டுக் குடியேற்றத்தைப் பேச எனக்கு மனம் ஒப்பவில்லை.

சாலமன் புட்சர் என்ற புகைப்படக்காரர் 1886 முதல் நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டி என்ற மாவட்டத்தில் வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்தார். குடும்பத்தார் மேசை, நாற்காலி, குதிரை எல்லாவற்றோடும் வாசலில் நிற்பார்கள். கிடைத்தால் பார். அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகு சன்னலையும் பார். சட்டம் எவ்வளவு ஆழத்தில் பதிந்திருக்கிறது என்பதில் சுவரின் தடிமன் தெரியும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முத்தையா