திண்ணைகளை இப்போதே கேட்டு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பூட்டிய தமிழகப் பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. தன்னார்வலர்கள் பிள்ளைகளின் வீட்டருகே பாடம் சொல்லித்தந்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியதே அதற்கு முந்தைய மாதம். அதுவரை கைப்பேசியும் கல்வித் தொலைக்காட்சியும்தான் பள்ளிக்கூடம். கல்லல், கண்டனூர் பக்கத்துச் சிற்றூர்களில் வீட்டுக்கு ஒரு போன். அதுவும் விடிந்ததும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். டிவியிடம் சந்தேகம் கேட்க முடியாது. இனி ஒரு தொற்று வந்தால் காகிதத்தையும் திண்ணையையும் நம்புவதே மேல்.

செட்டிநாட்டில் திண்ணைக்கா பஞ்சம்? ஆனால் பெரிய வீட்டுக்காரர்கள் பலர் வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவசரத்துக்குத் தேடினால் அகப்பட மாட்டார்கள். பள்ளி மேலாண்மைக் குழு இப்போதே எழுத்தில் சம்மதம் வாங்கி வைக்கட்டும். ஒரு திண்ணைக்கு எட்டுப் பிள்ளைகள், முக்கால் மணி நேரம், மூன்றடிக்கு ஒரு சாக்பீஸ் குறி. மழை வந்தாலும் வீட்டுக்குள் நெருக்கி உட்கார வைக்கக் கூடாது. காற்றில் பரவும் நோய்க்கு அந்த நெருக்கம்தான் தோது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையென்றால் ஆசிட் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள். சிமெண்டில் செய்த கல், பூவேலை மங்கிவிடும். மறுமுறை திண்ணை கிடைக்காது. ஈரத்துணி போதும்.

வாரம் ஒரு தாள்: முன்பக்கம் தமிழ், பின்பக்கம் கணக்கு. சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு வழங்கும் நாளில் தாய்மார் எப்படியும் வருவார்கள். நான்கு வாரத் தாளையும் அப்போதே கொடுத்துவிடலாம். எழுதிய தாளைத் திண்ணையில் வாரந்தோறும் வாங்கித் திருத்தித் தர வேண்டும். திருத்தாமல் குவித்து வைத்தால் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். தாளில் சானிடைசர் தெளிப்பதும் வேண்டாத வேலை. மை கலங்கும். தாளைத் தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

ஒன்றாம் வகுப்புக்குத்தான் கூடுதல் கவனம் தேவை. முகக்கவசத்துக்குப் பின்னால் ஆசிரியரின் நாக்கு மடிவது தெரியாது. குழந்தை 'பழம்' என்பதைப் 'பளம்' என்றே பிடித்துக்கொள்ளும். ல, ள, ழ சொல்லும் வாயை மட்டும் பத்து விநாடி காணொளியாக எடுத்துத் தன்னார்வலர் போனில் போட்டு வைத்தால் எட்டுப் பேருக்கும் காட்டலாம்.

பள்ளி திறந்ததும் விட்ட இடத்திலிருந்து பாடப்புத்தகத்தை ஓட்டக் கூடாது. நான்காம் வகுப்பில் 52-இல் 27 போனால் 35 என்று எழுதும் பிள்ளை, ஒன்றாம் இடத்தில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. கடன் வாங்கிக் கழித்தல் மறந்துபோயிற்று என்று பொருள். அந்தப் பிள்ளைக்கு வகுத்தல் நடத்தி என்ன பயன்? முதல் மாதம் வகுப்பைப் பார்க்காமல், படிக்கத் தெரிந்த அளவைப் பார்த்துப் பிரித்து உட்கார வைக்க வட்டாரக் கல்வி அலுவலர்கள் அனுமதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
காரைக்குடி வட்டாரம்.