ஆராய்ச்சிப் பயிற்சிக்குப் போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அன்று போனில் நீ கேட்டதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. எழுதினால்தான் எனக்கு எல்லாம் கோர்வையாக வரும், உனக்கே தெரியும். ரத்தநோய்க்கும் புற்றுநோய்க்குமான ஃபெலோஷிப் கிடைத்தபோது உனக்கு இருந்த சந்தோஷம், அதில் பெரும்பகுதி மருத்துவ ஆராய்ச்சிக்கு என்று தெரிந்ததும் குறைந்துவிட்டது. "நோயாளியைப் பார்க்கத்தானேம்மா இவ்வளவு படித்தேன், புள்ளியியல் வகுப்பில் போய் உட்காரவா?" என்றாய். நான் டாக்டர் இல்லை. ஆனால் புற்றுநோய் வார்டிலும் அப்புறம் புது சிகிச்சைகளை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ட்ரையல் பிரிவிலும் நர்ஸாக வேலை பார்த்தே என் தலை நரைத்தது. அந்த உரிமையில் சொல்கிறேன்: அந்த வகுப்பில் உட்காருவதும் நோயாளியைப் பார்ப்பதுதான்.

மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக அளவில் கீமோ கொடுத்து, அது அழித்த எலும்பு மஜ்ஜையை ஈடுகட்ட ரத்தத்தை உண்டாக்கும் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களையே திருப்பி ஏற்றும் சிகிச்சை ஒன்று இருந்ததைப் படித்திருப்பாய். 1980களின் கடைசியிலும் 1990களிலும் பல்லாயிரம் பெண்களுக்கு அதைச் செய்தார்கள். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும்: கொஞ்சம் மருந்துக்குக் கட்டி சுருங்குகிறது என்றால், நிறைய மருந்துக்கு ஒழிந்துவிடாதா? ஆரம்ப முடிவுகளும் நன்றாகவே தெரிந்தன. ஆனால் அந்தச் சிகிச்சைக்கு யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? உடம்பில் தெம்பு இருந்தவர்களை, சாதாரண கீமோவுக்கே நோய் அடங்கியவர்களை. அவர்கள் எந்தச் சிகிச்சை எடுத்திருந்தாலும் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் இருந்திருப்பார்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்யும் ட்ரையல்களில் சேரப் பலர் மறுத்தார்கள், வெளியே அதே சிகிச்சை கிடைக்கும்போது எதற்கு என்று. அதனால் விடை வரவே பல வருஷம் ஆனது. 1999இல் முடிவுகள் வந்தபோது, பெரிய ட்ரையல்களில் ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தது. பிரமாதமான பலன் காட்டிய ஒரே ஆய்வு தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. மறு வருஷம் தணிக்கைக்குப் போனவர்களுக்குப் பல நோயாளிகளின் பதிவேடுகளே கிடைக்கவில்லை. அது மோசடி என்று வெளியே வந்தது.

மோசடி செய்த அந்த ஒரு டாக்டரை விடு. மற்ற டாக்டர்கள் கெட்டவர்கள் இல்லை தம்பி. நல்லவர்கள், நோயாளிமேல் உயிரையே வைத்தவர்கள். ஆனால் தங்கள் நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் வழி பலருக்குக் கைவரவில்லை. அந்தப் பெண்கள் பட்ட வாய்ப்புண்ணும் காய்ச்சலும் தனியறை வாசமும் வீணாகப் போயின. சிலர் அந்தச் சிகிச்சையாலேயே இறந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

மறுபக்கமும் உண்டு. 1948இல் சிட்னி ஃபார்பர் என்ற அமெரிக்க டாக்டர், ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்ததைப் பற்றி எழுதினார். அதில் 10 பேருக்கு நோய் தணிந்தது, அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான். அதே நோயில், நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில், இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். அந்தத் தூரத்தை ஒரே பாய்ச்சலில் யாரும் கடக்கவில்லை. ஒரு ட்ரையலின் முடிவின்மேல் அடுத்த ட்ரையல் என்று போனது. மூளைக்குக் கொடுத்த கதிர்வீச்சு பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேவையில்லை என்று கண்டதும் ட்ரையல்தான். புதிதாகச் சேர்ப்பதைவிட, இருப்பதில் எதை விடலாம் என்று கேட்பதே எனக்குப் பெரிய ஆராய்ச்சியாகப் படுகிறது. உனக்கென்று ஒரு கேள்வியைத் தேடும்போது அந்தப் பக்கமும் யோசி.

கேள்வி சின்னதாக இருக்கட்டும், ஃபெலோஷிப் காலத்துக்குள் முடிகிற மாதிரி. புள்ளியியல் நிபுணரிடம் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே போய் உட்கார். எல்லாம் முடிந்து எண்களைக் கையில் கொண்டுபோனால், எத்தனை பேர் தேவைப்பட்டிருப்பார்கள் என்று அப்போது சொல்லி என்ன பிரயோஜனம்? வழிகாட்டியைப் பெரிய பெயருக்காகத் தேர்ந்தெடுக்காதே. உன் வரைவைப் படித்துச் சிவப்பு மையில் திருப்பித் தர நேரம் உள்ளவராகப் பார். ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய நாட்களில் உன்னை வார்டுக்கு இழுப்பார்கள், இழுக்காத இடமே கிடையாது. பணிவாக மறுத்துவிடு.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியம், ட்ரையலில் சேர நோயாளியிடம் ஒப்புதல் வாங்கும் நேரம். அதிலும் முதல் கட்ட ட்ரையல். பல ட்ரையல்களில் ஒரு அளவில் மூன்று பேருக்கு மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள், தாங்கினால் அடுத்த மூன்று பேருக்கு அளவைக் கூட்டுவார்கள். ஒருவருக்குக் கடுமையான பக்கவிளைவு வந்தால் அதே அளவில் இன்னும் மூன்று பேர். உடம்பு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொள்வதுதான் முதல் நோக்கம். எதிரே உட்கார்ந்திருப்பவரோ எல்லா மருந்தும் கைவிட்டு வந்தவர். நீ சொல்வதில் பாதி அவர் காதில் "புது மருந்து, குணமாகும்" என்றுதான் விழும். பலனே இருக்காது என்றும் சொல்லிவிட முடியாது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்து, 1998இல் தொடங்கிய முதல் கட்ட ட்ரையலில் இருந்தபோதே, போதிய அளவு மருந்து கிடைத்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் ரத்த அணுக்கள் சீரானதே. ஆனால் அது அபூர்வம். இந்த இரண்டையும் ஒருவர் கண்ணைப் பார்த்துச் சொல்லப் பழகத்தான் உனக்கு இந்த வருஷங்கள். படிவத்தைப் படித்துக் காட்டிவிட்டு எழுந்துவிடாதே. "நான் சொன்னதில் உங்களுக்கு என்ன புரிந்தது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேள். வேண்டாம் என்று அவர் சொன்னால், அதற்குப் பிறகும் அவர் உன் நோயாளிதான். உன் முகத்தில் ஏமாற்றம் தெரியக் கூடாது.

இன்னொன்று. பக்கவிளைவுகளை லேசானது முதல் தரம், கடுமையானது மூன்றாம் தரம் என்று பிரித்து எழுதும்போது பக்கத்தில் இருக்கும் நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. ட்ரையலில் இருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் நோயாளிகள் டாக்டரிடம் "பரவாயில்லை" என்பார்கள். ராத்திரி முழுக்க வாந்தி எடுத்ததை எங்களிடம்தான் சொல்வார்கள். நீ முதல் தரம் என்று எழுதியது உண்மையில் மூன்றாம் தரமாக இருந்தால், அடுத்து வருகிறவருக்கு அந்த அளவையும் கூட்டிவிடுவார்கள்.

நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் முன் உன் ஒப்புதல் படிவத்தின் வரைவை எனக்கு அனுப்பு. எனக்குப் புரியாத வரிகளில் கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா