சனிக்கிழமைக் கஞ்சியும் கைப்பிடி அரிசியும்

ஐக்கிய சங்கத்துச் சகோதரிகள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

வருகிற சனிக்கிழமை காலை மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோகிறோம். ஆலயத்துக்குப் பின்னால் 4 மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவோம். பூண்டை முந்தின ராத்திரியே வீட்டில் உரித்துக் கொண்டுவந்தால் புண்ணியமாகப் போகும்.

வீட்டில் சமைக்கும்போது ஒரு பிடி எடுத்துவைத்துக் காணிக்கையாகத் தரும் கைப்பிடி அரிசி பற்றி ஒரு வார்த்தை. போன தடவை பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒரே டிரம்மில் விழுந்து, கஞ்சி பாதி குழைந்து பாதி நறுக்கென்று நின்றது. கிளறிய நான்தான் எல்லாரிடமும் மாட்டிக்கொண்டேன். பையின்மேல் என்ன அரிசி என்று எழுதிவிடுங்கள்.

நோயாளிக்குத் துணையாக இருக்கிறவர்கள் பலரிடம் வாங்கப் பாத்திரம் இருப்பதில்லை. உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்து நீட்டினார். சூட்டில் அது அவர் கையிலேயே சுருங்கியது. பரணில் சும்மா கிடக்கும் தூக்குவாளிகளைக் கொடுங்கள். திரும்பி வராது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், மார்ச் முதல் வெள்ளி உலக ஜெப தினம். ஒவ்வொரு வருஷமும் ஒரு நாட்டுப் பெண்கள் எழுதித் தரும் ஆராதனை முறையைத்தான் உலகம் முழுக்க வாசிக்கிறார்கள். 1927-லிருந்து நடக்கிறது. வாசிக்க ஒப்புக்கொண்டவர்கள் அன்று காலை ‘தொண்டை கட்டிருச்சுக்கா’ என்று வாய்ஸ் மெசேஜ் போடாதீர்கள்.

சந்தா பாக்கியைப் பொருளாளர் அக்காவிடம் ஞாயிறன்று கொடுக்கலாம். சனிக்கிழமை வரை குரூப்பில் காலை வணக்கப் படங்கள் வேண்டாம், இந்த அறிவிப்பு மேலே போய்விடும்.

- செயலாளர்